பொறியியல் துறைகளில் இருக்கும் நம் பேராசிரியர்களுக்கு: அந்தப் படிப்பறையைத் திறந்துவிடுங்கள்

டெக்சஸ் மாநிலத்துப் பல்கலைக்கழகங்களில் பொறியியல் கற்பிக்கும் தமிழ்ப் பேராசிரியர்களே, விரிவுரையாளர்களே, பேராசிரியருக்கு உதவியாக டீஏ வேலை பார்க்கும் மாணவத் தம்பி தங்கைகளே,

2024 ஆகஸ்டில், செமஸ்டர் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது, நான் பாடம் நடத்திக்கொண்டிருந்த பல்கலைக்கழகத்தில் ஓர் அறையைப் பூட்டினார்கள். பொறியியல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் லிஃப்டை ஒட்டி இருந்த மாலைப் படிப்பறை அது. முடிவெடுத்த குழுவில் ஏழு பேர். நான்கு பேர் பூட்டச் சொன்னார்கள், மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். அந்த நான்கு பேரில் இருவர் தமிழர்கள். இருவரையும் நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவர்கள் வீட்டில் பொங்கல் சாப்பிட்டிருக்கிறேன். பெயர்களை இங்கே எழுதப் போவதில்லை. இரண்டு பேரோடு முடிகிற விஷயம் என்றால் போனில் பேசியே தீர்த்திருப்பேன். டீனுக்கு ஆங்கிலத்தில் எழுதினேன். கடிதம் கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. அதற்குப் பிறகு வேறு ஊர்களில், வேறு பல்கலைக்கழகங்களில் இருக்கும் நம்மவர்கள் வாயிலும், நன்றாகப் படிப்பவர்களுக்கு இப்படி ஓர் அறை எதற்கு என்ற அதே பேச்சைக் கேட்டுவிட்டேன். அதனால் உங்கள் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

அந்த அறையில் பெரிதாக ஒன்றும் இருந்ததில்லை. ஒரு நீள மேசை, இரண்டு வெள்ளைப் பலகைகள், பழைய பாடப் புத்தகங்கள், ஒரு காபி மெஷின். மாலை ஐந்து மணி முதல் இரவு பதினொன்று வரை திறந்திருக்கும். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவிகள் நான்கு பேர் முறைவைத்து உட்கார்ந்து கால்குலஸ், ஸ்டாடிக்ஸ் (நிலையியல்), சர்க்யூட்ஸ் சொல்லிக்கொடுப்பார்கள். அவர்களுக்கு மணிக்கணக்கில் சம்பளம் உண்டு. 1974-ல் லாஸ் ஏஞ்சலஸ் நகராட்சியில் வேலை பார்த்த பொறியாளர்கள் தொடங்கிய ஹிஸ்பானிக் பொறியாளர் சங்கம் இருக்கிறதல்லவா, அதன் மாணவர் கிளையும் பெண் பொறியாளர்களுக்கான அலுவலகமும் சேர்ந்து ஆரம்பித்த அறை. அதனால் கதவில் 'லத்தீனா' என்ற சொல் இருந்தது. லத்தீன் அமெரிக்க வம்சாவளிப் பெண் என்று அர்த்தம். ஆனால் யார் வேண்டுமானாலும் வரலாம். வியட்நாமியப் பையன்கள் வந்தார்கள், நம் ஊர்ப் பிள்ளைகளும் வந்தார்கள். எந்த இரவு எட்டிப் பார்த்தாலும் மேசையைச் சுற்றி அதிகம் உட்கார்ந்திருந்தது லத்தீனா மாணவிகள்தான்.

கதவில் இருந்த அந்தச் சொல்தான் காரணம் என்றார்கள். டெக்சஸில் செனட் மசோதா 17 என்று 2023-ல் நிறைவேறி, 2024 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சட்டம் உங்களுக்குத் தெரியும். அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்முகத்தன்மை அலுவலகங்கள் இருக்கக் கூடாது என்கிறது அது. சரி, சட்டம் சட்டம்தான். ஆனால் அதே சட்டம் எதையெல்லாம் தொடாது என்றும் எழுதியிருக்கிறது. இனமும் பாலும் பார்க்காமல் மாணவர்களின் படிப்பை மேம்படுத்த நடத்தும் திட்டங்களைத் தொடாது. பதிவு பெற்ற மாணவர் அமைப்புகள் நடத்தும் வேலைகளைத் தொடாது. தரவு சேகரிப்பதைத் தொடாது. கதவில் இருந்த பெயரை மாற்றினால் போதும், அறையை மூட வேண்டியதில்லை என்று ஒரு சக ஆசிரியை அந்தக் குழுவுக்கு எழுதியே கொடுத்தார். அதற்குப் பிறகும்தான் பூட்டினார்கள்.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது அண்ணன்களில் ஒருவரிடம் ஏன் என்று கேட்டேன். "நல்லாப் படிக்கிறவங்களுக்கு அறை எதுக்கும்மா? நாம யார் துணையில படிச்சு இங்க வந்தோம்?" என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை, நம்பிச் சொன்னார். அதனால்தான் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

யார் துணையில் வந்தோம்? என்னைச் சொல்கிறேன். 2010-ல் தமிழ்நாட்டு அரசு கொண்டுவந்த முதல் பட்டதாரிச் சலுகையில் படித்தவள் நான். அந்தச் சான்றிதழுக்காக அப்பா தாசில்தார் ஆபீசுக்கு நான்கு நாள் நடந்தார். டியூஷன் கட்டணத்தை அரசு கட்டியது. கவுன்சலிங்கில் இட ஒதுக்கீட்டில் சீட்டு கிடைத்தது. அப்புறம் ஹாஸ்டல். எம்-2 கணிதப் பரீட்சைக்கு முந்தின இரவு எங்கள் வராண்டாவில் முப்பது பேர் உட்கார்ந்திருந்தோம். சீனியர் அக்கா ஒருத்தர் ஐந்து வருடத்து வினாத்தாளை வைத்துக்கொண்டு எந்தக் கணக்கு எப்படி வரும் என்று விடிய விடியச் சொல்லிக்கொடுத்தார். அப்படியும் எனக்கு அரியர் விழுந்தது. அடுத்த செமஸ்டரில் எழுதி முடித்தேன். அரியர் வைத்ததற்காக என்னை யாரும் மெக்கானிக்கலை விட்டுப் போகச் சொல்லவில்லை. அரசு, ஹாஸ்டல், அக்கா, பழைய வினாத்தாள், திரும்ப எழுத ஒரு வாய்ப்பு என்று இத்தனை துணையோடுதான் நான் வந்தேன். உங்களில் பலரும் அப்படி வந்தவர்கள்தான்.

இப்போது அந்த மேசையில் உட்கார்ந்திருந்த பெண்களைப் பற்றிச் சொல்கிறேன்.

நான் டீஏவாக இருந்த காலத்தில், 2018-ல், ஸ்டாடிக்ஸ் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். வீட்டிலிருந்து வருபவள். காரில் போக வர ஒன்றே முக்கால் மணி நேரம். வாரத்துக்கு இருபத்தைந்து மணி நேரம் ஒரு மளிகைக் கடையில் கல்லாவில் நிற்பாள். ஒரு பொருளின் மேல் செயல்படும் விசைகளைக் காட்டும் ஃப்ரீ பாடி டயகிராம் போடச் சொன்னால் வகுப்பிலேயே முதலில் முடிப்பது அவள்தான். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. எட்டு வயதிலிருந்து அந்த வீட்டின் மொழிபெயர்ப்பாளர் அவள்தான். பாங்கு, கரண்ட் பில், தம்பியின் பள்ளிக்கூடம், வாடகை ஒப்பந்தம் எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் போகும். இரண்டாவது மிட்டெர்ம் அன்று காலை அம்மாவை அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் உண்டே என்று கேட்பீர்கள். உண்டு. ஆனால் கர்ப்பப்பை பற்றி போனில் வரும் யாரோ ஓர் ஆணின் குரலிடம் பேச அந்த அம்மாவுக்கு வாய் வரவில்லை. மகள் பக்கத்தில் நின்றாள். பரீட்சை எழுதவில்லை.

மறுநாள் மாற்றுப் பரீட்சை கேட்டு மெயில் அனுப்பினாள். சிலபஸில் விதி தெளிவாக இருந்தது: மாணவருக்கே உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்றிதழ், மதப் பண்டிகை, பல்கலைக்கழகம் அனுப்பும் போட்டி. இவை மூன்றும்தான். பேராசிரியர் முடியாது என்றார். அந்தப் பதிலை டைப் செய்து அனுப்பியது நான். விதி எண்ணைக்கூடக் குறிப்பிட்டு அனுப்பினேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

மொத்த மதிப்பெண்ணில் கால்வாசி போயிற்று. அவள் அந்தப் பாடத்தைக் கைவிட்டாள். பன்னிரண்டு கிரெடிட் ஒன்பதானது. பன்னிரண்டுக்குக் கீழே போனால் முழுநேர மாணவி இல்லை. அதனால் உதவித்தொகை குறைந்தது. குறைந்த பணத்தை ஈடுகட்டக் கடையில் கூடுதல் நேரம் நின்றாள். கூடுதல் நேரம் நின்றதால் கால்குலஸில் சறுக்கினாள். அடுத்த வருடம் அவள் வேறு துறையில் இருந்தாள். பதிவேட்டில் இது எப்படி இருக்கும்? "விருப்பத்தின் பேரில் துறை மாறினார்" என்று இருக்கும். அவள் போனதற்குத் திறமை காரணம் இல்லை என்பதற்கு நானே சாட்சி, அவள் தாளைத் திருத்தியவள் நான்தான்.

இன்னொருத்தி சான் அன்டோனியோக்காரி. அப்பா கார் மஃப்ளர் கடை வைத்திருக்கிறார். பன்னிரண்டு வயதிலேயே வெல்டிங் பிடிக்கக் கற்றவள். நான்காம் ஆண்டில், மாணவர் போட்டிக்காகக் கரடுமுரடான தரையில் ஓடும் பாஹா வண்டி செய்யும் குழுவில் ஏழு பையன்கள், இவள் ஒருத்தி. முதல் கூட்டத்திலேயே, உனக்கு எழுத்து நன்றாக வருகிறது என்று சொல்லி ஸ்பான்சர் கடிதம், போஸ்டர், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் அவளிடம் தள்ளிவிட்டார்கள். அவர்களில் யாரும் கெட்ட பையன்கள் இல்லை. ஒர்க்‌ஷாப் டெக்னீஷியன்கூட மெஷினைப் பற்றி விளக்கும்போது அவளைத் தாண்டி அடுத்தவனைப் பார்த்துத்தான் பேசுவார். மார்ச் மாதம் வண்டியின் சட்டகத்தில் ஒரு குழாய் இணைப்பு விரிசல் விட்டு, செய்தவனுக்கே சரிசெய்யத் தெரியாமல் நின்றபோதுதான் அவள் கைக்கு வெல்டிங் டார்ச் வந்தது. நான்கு வருடப் படிப்பின் கடைசி எட்டு வாரம் மட்டும்தான் அவள் அந்தக் குழுவில் பொறியாளர். பொறியியல் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் ஏபெட் அமைப்பு, பட்டதாரிக்குக் குழுவாக வேலை செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. கூட்டக் குறிப்பு எழுதுவதை நாம் அதில் சேர்த்து மதிப்பெண் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

பெயர் விஷயம் சின்னதாகத் தோன்றும், ஆனாலும் சொல்கிறேன். லத்தீன மாணவிகளுக்கு அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று என்று இரண்டு குடும்பப் பெயர் இருக்கும். பல்கலைக்கழகக் கணினி ஒன்றை விழுங்கிவிடும். ஸ்காலர்ஷிப் காசோலையில் ஒரு பெயர், பதிவேட்டில் வேறு பெயர். மூன்று கவுன்ட்டர் அலைய வேண்டும். இனிஷியலோடு வந்து, விசாவில் எஃப்என்யூ, அதாவது 'முதல் பெயர் தெரியாது' என்று அச்சாகி, ஒவ்வொரு ஆபீசிலும் "உன் குடும்பப் பெயர் எது" என்று நின்ற நமக்கு இதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

"அவங்க வீட்ல படிப்புக்கு மதிப்பு இல்ல" என்று நம் விருந்துகளில் சொல்லப்படுவதை நான் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். அவர்கள் எல்லோரையும் 'மெக்சிகன்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதும் அங்கேதான். எல் சால்வடாரிலிருந்து, ஹோண்டுராஸிலிருந்து, கொலம்பியாவிலிருந்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. 1836 வரை டெக்சஸ் மெக்சிகோவின் பகுதியாகத்தான் இருந்தது. அதற்கும் முன்பிருந்து இந்த மண்ணிலேயே இருக்கும் குடும்பங்களும் இருக்கின்றன. 2022 கணக்கில் வெள்ளையரைவிட லத்தீன மக்கள் எண்ணிக்கை டெக்சஸில் கூடிவிட்டது. ஆனால் நாடு முழுக்கப் பொறியாளர்களில் லத்தீனாக்கள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர்தான்.

வீட்டு மதிப்பைப் பற்றிச் சொன்னால், ஒரு டிசம்பர் இரவு எனக்கு மறக்காது. இறுதிப் பரீட்சை வாரம். டெக்சஸின் தென்கோடியில் இருக்கும் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கிலிருந்து ஒரு மாணவியின் அம்மாவும் அப்பாவும் மணிக்கணக்காக வண்டி ஓட்டி வந்திருந்தார்கள். அம்மா ஒரு பெரிய பானை நிறைய தமாலெஸ் கொண்டுவந்தார். சோள மாவில் கறி வைத்து, சோளத் தோகையில் சுற்றி வேகவைப்பது. கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுப் பெண்கள் எல்லாம் கூடி உட்கார்ந்து செய்வார்கள். மேசையில் இருந்த எல்லோருக்கும், எனக்கும் சேர்த்து, பிரித்துக் கொடுத்தார். அப்பா உள்ளே வரவில்லை. தன் பூட்ஸில் இருந்த மண் தரையில் ஒட்டும் என்று வாசலிலேயே நின்றார். கிளம்பும்போது மகளைப் பார்த்து "எச்சாலே கானாஸ், மிஹா" என்றார். மனசு வைத்துப் படி மகளே என்று அர்த்தம். என்னை ஹாஸ்டலில் விட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நின்ற என் அப்பாவும் இதையேதான் சொன்னார். அந்தப் பூட்ஸைப் பார்த்த பிறகு, அவர்கள் வீட்டில் படிப்புக்கு மதிப்பில்லை என்று யார் சொன்னாலும் என்னால் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

ஓர் அறையும் ஒரு மேசையும் இவ்வளவு செய்யுமா என்ற சந்தேகம் உங்களுக்கு நியாயமாகவே வரலாம். நீங்கள் ஆய்வாளர்கள். யூரி டிரைஸ்மன் என்ற கணிதப் பேராசிரியரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பின்னாளில் ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். 1970-களின் பிற்பகுதியில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முதலாண்டு கால்குலஸில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள் என்று பார்க்கப் போனார். ஊக்கம் இல்லை, வீட்டில் ஆதரவு இல்லை, அடிப்படை போதாது என்றுதான் சக ஆசிரியர்கள் காரணம் சொன்னார்கள். அவர் மாணவர்களோடே இருந்து பார்த்தபோது அவை எதுவும் நிற்கவில்லை. சீன வம்சாவளி மாணவர்கள் கூடி உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள், ஒருவர் விடையை ஒருவர் சோதித்தார்கள். கறுப்பின மாணவர்கள் ராத்திரி பகலாகத் தனியாகப் படித்தார்கள். அவர் ஒரு பயிலரங்கு அமைத்தார். பின்தங்கியவர்களுக்கான எளிய கணக்குகளைக் கொடுக்காமல் மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்து, கூடி உட்காரவைத்தார். தேர்ச்சி தலைகீழாக மாறியது. லத்தீன மாணவர்களும் அதில் சேர்ந்து பயன்பெற்றார்கள். இரண்டாம் மாடியில் நடந்ததும் இதுதான். நம் ஹாஸ்டல் வராண்டாவில் நடந்ததும் இதுதான்.

கதவடைப்பது என்றால் சில நேரம் ஒரே ஒரு உரையாடல் போதும். விண்வெளிக்குப் போன முதல் லத்தீனாவான எலன் ஒச்சோவா, 2013 முதல் 2018 வரை ஹூஸ்டன் ஜான்சன் விண்வெளி மையத்தின் இயக்குநராக இருந்தவர். கல்லூரியில் மின்பொறியியல் படிக்கலாமா என்று கேட்கப் போனபோது அங்கிருந்த பேராசிரியர் ஆர்வம் காட்டவில்லை, இயற்பியல் ஆசிரியர்தான் வரவேற்றார் என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். அவர் இயற்பியல் படித்தார். பிறகு ஸ்டான்ஃபோர்டில் மின்பொறியியலிலேயே முனைவர் பட்டம் வாங்கி, 1993-ல் டிஸ்கவரி விண்வெளி ஓடத்தில் பறந்தார். கொலம்பியாவிலிருந்து முந்நூறு டாலரோடு வந்து, வீடு சுத்தம் செய்து படித்த டயானா துருஹியோ, 2021-ல் பெர்சிவரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியபோது நாசாவின் ஸ்பானிய மொழி ஒளிபரப்பைத் தொகுத்து வழங்கினார். இவர்கள் பெயரைச் சொல்லி, "பாருங்க, முயன்றா முடியும்" என்று நம்மில் சிலர் வாதம் செய்கிறார்கள். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. அந்த இயற்பியல் ஆசிரியரும் அன்று ஆர்வம் காட்டாமல் இருந்திருந்தால்? நான் விதி எண் போட்டு மெயில் அனுப்பிய அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒருவர் கிடைக்கவில்லை.

அந்த அறை இருந்த பல்கலைக்கழகம், ஹிஸ்பானிக் (லத்தீன வம்சாவளி) மாணவர்களுக்குச் சேவை செய்யும் நிறுவனம் என்று தன் பக்கங்களில் பெருமையாகப் போட்டுக்கொள்கிறது. இளநிலை மாணவர்களில் 25 சதவீதம் பேர் ஹிஸ்பானிக்காக இருந்தால் அந்தத் தகுதி கிடைக்கும். சேர்ந்தவர்களை எண்ணித் தருகிற தகுதி அது. பாதியில் போனவர்களை யாரும் எண்ணவில்லை. அறை மூடிய வருடம் என் ஸ்டாடிக்ஸ் வகுப்பில் ஆறு லத்தீனாக்கள் இருந்தார்கள். இன்று இரண்டு பேர்தான் துறையில் இருக்கிறார்கள். மூடியதால்தான் போனார்கள் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் போகும் முன் மூன்று பேர் என்னிடம் வந்து, இரவு எங்கே உட்கார்ந்து படிப்பது என்று கேட்டார்கள். நூலகத்தின் மூன்றாம் மாடியைச் சொன்னேன். அங்கே பேசக் கூடாது.

ஆகவே உங்களிடம் கேட்பது இவை.

அந்த அறையைத் திறக்க வேண்டும். பெயர் என்னவாக இருந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. 'படிப்பறை' என்று மட்டும் எழுதினாலும் போதும், எல்லோருக்கும் திறந்தது என்று கொட்டை எழுத்தில் போடுங்கள். இரவு பதினொன்று வரை இருக்க வேண்டும், ஏனென்றால் கடை வேலை முடிந்து ஒன்பது மணிக்குத்தான் அவர்களால் வர முடியும். சொல்லிக்கொடுக்கும் மாணவிகளுக்குச் சம்பளம் வேண்டும். அதைத் தன்னார்வ வேலை ஆக்கினால், சம்பாதிக்க வேண்டிய பெண்ணால் அதைச் செய்ய முடியாது.

சிலபஸ் எழுதுவது நீங்கள்தான், அதற்கு எந்தக் குழுவின் அனுமதியும் தேவையில்லை. வீட்டில் ஒருவரை ஆஸ்பத்திரிக்கோ கோர்ட்டுக்கோ கூட்டிப் போக வேண்டியிருந்தால் அதையும் ஏற்கத்தக்க காரணமாக இந்த செமஸ்டரிலேயே சேருங்கள். இல்லையென்றால் மூன்று மிட்டெர்மில் நல்ல இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆபீஸ் ஹவர்ஸ் எல்லாமே பகல் இரண்டு மணிக்கு வேண்டாம். வாரம் ஓர் இரவு ஜூமில் இருங்கள். உங்கள் பழைய வினாத்தாள்களை எல்லோரும் பார்க்கும்படி பாடப் பக்கத்தில் போடுங்கள். அவை ஃப்ராட்டர்னிட்டி எனப்படும் சில மாணவர் சகோதர சங்கங்களின் அலமாரியிலும் நம் பிள்ளைகளின் வாட்ஸ்அப் குழுக்களிலும் ஏற்கெனவே இருக்கின்றன, தனியாக வந்து போகிற பெண்ணிடம் மட்டும்தான் இல்லை.

முதல் இரண்டு வருடக் குழுக்களில் எந்தப் பெண்ணையும் ஒற்றை ஆளாகப் போடாதீர்கள். குறிப்பு எழுதுவது, மெஷின் பிடிப்பது, கணக்கிடுவது எல்லாம் வாராவாரம் கை மாற வேண்டும், அதை நீங்களே பட்டியல் போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு வருடமும் யார் எந்த செமஸ்டரில், எந்தப் பாடத்துக்குப் பிறகு துறையை விட்டுப் போனார்கள் என்ற கணக்கைத் துறை வெளியிடச் சொல்லிக் கேளுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை.

டீஏ தம்பி தங்கைகளே, உங்களிடம் ஒன்று. இப்படியொரு மெயிலுக்கு முடியாது என்று டைப் செய்யச் சொன்னால், அனுப்பும் முன் ஒரு முறை பேராசிரியரிடம் நேரில் போய்க் கேளுங்கள். நான் கேட்கவில்லை.

அண்ணன்கள் இருவருக்கும்: குழு ஏப்ரலில் மறுபடியும் கூடுகிறது. முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் மனுவை, சட்டத்தின் விலக்குப் பிரிவுகளோடு, இரண்டு பக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதிவைத்திருக்கிறேன். அன்று வேண்டாம் என்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். உங்கள் இரண்டு கையெழுத்தும் வேண்டும். மார்ச் முடிவதற்குள் பதில் சொல்லுங்கள். நேரில் வரச் சொன்னால் வருகிறேன்.